எட்டு கிலோமீட்டர் தாண்டினால் கெண்டைக்கால் இழுக்கிறது, மெக்னீசியம் மாத்திரை வாங்கலாமா?

பிடோக்வாசி:
ஞாயிறு காலை ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஓடுகிறேன். எட்டு கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது, அப்புறம் வலது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிடும். போன வாரம் லகூன் சாப்பாட்டுக் கடைகள் பக்கம் நொண்டிக்கொண்டே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன், தொப்பியைக் கழற்றினால் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தினமும் இரண்டு வாழைப்பழம் சாப்பிடுகிறேன். ஜிம் நண்பர் மெக்னீசியம் மாத்திரை எடு என்கிறார், பாட்டில் 38 வெள்ளி. வாங்கலாமா?

ரசம்_அக்கா:
தம்பி, வாழைப்பழத்தில் இருப்பது பொட்டாசியம், ஒரு பழத்தில் 400 மில்லிகிராம் வரும். வியர்வையில் அதிகம் போவது சோடியம். லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். பொட்டாசியம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். தொப்பி வெளுக்கிறது என்றால் உங்களுக்கு உப்பு நிறையவே போகிறது. நான் நீண்ட ஓட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி ரசம், ஊறுகாயோடுதான் சாப்பிடுவேன், ஓடும்போது 100 ப்ளஸ் விளையாட்டுப் பானம். பிரஷர் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெக்ரிச்சி_குரங்கு:
அக்கா சொல்வது பாதி சரி. உப்புதான் காரணம் என்றால் அது வலது காலை மட்டும் ஏன் தேடிப் பிடிக்க வேண்டும்? தசை சுருங்குவதற்குக் கால்சியம் தசை இழைக்குள் இருக்கும் சேமிப்பறையிலிருந்து வெளிவர வேண்டும், தளர்வதற்கு அதைத் திரும்ப அந்த அறைக்குள் இழுத்து வைக்க வேண்டும், அந்த வேலைக்கு ஏடிபி (செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு) வேண்டும், ஏடிபியோ மெக்னீசியம் ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். மாத்திரை விற்பவர்கள் இதைக் காட்டித்தான் விற்கிறார்கள். ஆனால் வியர்வையில் போகிற மெக்னீசியம் ரொம்பக் கொஞ்சம், கீரை, பருப்பு, கச்சான் சாப்பிடுகிறவருக்கு எதற்கு 38 வெள்ளி?

2010இல் வந்த ஓர் ஆய்வில் வெள்ளரி ஊறுகாய்ச் சாறு குடித்தவர்களுக்குச் சுமார் ஒன்றரை நிமிடத்தில் பிடிப்பு விட்டது. அதற்குள் உப்பு ரத்தத்தில் ஏறியிருக்காது, தொண்டையில் பட்ட புளிப்பு நரம்பை அடக்கியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறார்கள். களைத்துப்போன தசைக்கு நரம்பு நிறுத்தாமல் கட்டளை அனுப்புவதுதான் பெரும்பாலும் காரணம். இழுத்தால் சுவரில் கை ஊன்றிக் காலை நீட்டுங்கள். சமீபத்தில் வேகம் கூட்டினீர்களா?

பிடோக்வாசி:
ஆமாம், ஐபிபிடிக்காக, அதான் சிங்கப்பூர் ராணுவ உடற்தகுதித் தேர்வு! அதில் வரும் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தின் வேகத்திலேயே பத்து கிலோமீட்டரும் ஓடிப் பார்த்தேன். சரி, மாத்திரை வேண்டாம். தண்ணீர் மட்டும் இன்னும் நிறையக் குடிக்கிறேன்.

ரசம்_அக்கா:
ஐயோ, வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துத் தள்ளாதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, அதிகமாகக் குடித்து எடை கூடினவர்கள்தான் முக்கியமாக மாட்டினார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.