ஓசுவுக்குப் பிறகு எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். பெரிய நடிகர்களின் படங்களை முதல் வாரத்திலேயே பார்த்துவந்த எனக்குச் சில ஆண்டுகளாக அவற்றில் மனம் ஒட்டவில்லை. (இதைச் சொன்னால் வீட்டில் 'மேதாவி' என்று கேலி செய்கிறார்கள்.)

இந்நிலையில்தான் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தைப் பார்த்தேன். ஓனோமிச்சியிலிருந்து டோக்கியோவுக்கு வரும் முதிய பெற்றோரைப் பிள்ளைகள் சுமையாக நினைக்க, போருக்குப் போய் மாண்ட மகனின் மனைவி நொரிகோதான் அவர்களை அன்போடு கவனித்துக்கொள்கிறாள். அழுது புரளும் காட்சிகளோ நீண்ட வசனங்களோ இல்லை; பாயில் அமர்ந்திருப்பவரின் உயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி வைத்து, பெரும்பாலும் அதை அசைக்காமலேயே ஓசு கதையைச் சொல்லிவிடுகிறார். இதில் நொரிகோவாக வரும் நடிகை செட்சுகோ ஹாரா நடித்த ஓசுவின் முந்தைய படங்களான 'லேட் ஸ்பிரிங்' (1949), 'ஏர்லி சம்மர்' (1951) ஆகியவற்றையும் பார்த்து முடித்துவிட்டேன். மூன்றிலும் அவருடைய பாத்திரத்தின் பெயர் நொரிகோதான் என்பதைச் சற்றுத் தாமதமாகவே கவனித்தேன்.

இப்போது எனக்கு இரண்டு உதவிகள் தேவை. ஓசுவின் காலத்து ஜப்பானிய இயக்குநரான மிகியோ நருசேயின் படங்களில் எதிலிருந்து தொடங்குவது நல்லது என்று பார்த்தவர்கள் கூறவேண்டும். மற்றொன்றுதான் எனக்கு முக்கியமானது: எழுபதைக் கடந்த என் அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் வாசிக்க வராது, அருகிலிருந்து நான் வரிவரியாகச் சொல்லும்போது படத்தின் அமைதியே கலைந்துவிடுகிறது. இத்தகைய படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் முறைப்படி எங்கேனும் கிடைக்குமா, அல்லது நாமே எழுதிச் சேர்க்க எளிய வழி உண்டா என்று தெரிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.