மெமரி பேங்க்: வங்கியா, கட்டா?

> மெமரி பேங்க் = நினைவக வங்கி. பேங்க் என்றால் வங்கி, எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. கணினியின் நினைவகச் சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைத்தான் மெமரி பேங்க் என்கிறார்கள். தரவைப் போட்டு எடுக்கிறோம், அதனால் வங்கி என்றால் சில்லு முழுவதுமே வங்கிதான். டிடிஆர்3 என்ற வகை நினைவகச் சில்லுக்குள் 8 பேங்க் இருக்கிறதே, வங்கிக்குள் 8 வங்கியா?

ஆங்கிலத்தில் பேங்க் என்பது ஒரு சொல் இல்லை, மூன்று. ஆற்றங்கரை பேங்க் ஸ்காண்டிநேவியப் பக்கத்தது. பண பேங்க் இத்தாலியின் 'பங்கா', காசு மாற்றுகிறவர் முன்னால் கிடந்த பலகை. (அங்கே 'உடைந்த பலகை' என்று சொன்னதுதான் ஆங்கிலத்தில் பேங்க்ரப்ட் ஆனது, நம் ஊரில் மஞ்சள் கடுதாசி.) மூன்றாவது, பழைய பிரெஞ்சின் பெஞ்சு: கப்பலில் துடுப்புப் போடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்த பலகை. ஒரே மாதிரிப் பொருள்களின் வரிசைக்கு பேங்க் என்பது அதிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் பெஞ்சு என்ற ஒரே ஜெர்மானிய வேர்தான், ஆனால் மெமரி பேங்க் இந்த மூன்றாவது கிளை, பணத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை.

பணக் கிளைக்கு எங்கள் பக்கத்தில் நேர் உறவு உண்டு. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் தொழில் செய்த கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள், ஆளுக்கொரு மரப்பெட்டி, அதன் பின்னால் தரையில் சம்மணம் போட்டுத்தான் லேவாதேவி நடந்தது. அப்படி ஒரு பெட்டி காரைக்குடியில் எங்கள் வீட்டிலும் கிடக்கிறது, சரிவான மூடியில் ஐயாவின் முழங்கை பட்ட இடம் மட்டும் வழவழவென்று இருக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை 'கட்டு'. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, அப்புறம் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போகும். ஒரே கூரை, ஒரே கதவிலக்கம், ஆனால் ஒரு கட்டில் வேலை நடக்கும்போது அடுத்த கட்டில் வேறு வேலை ஓடும். நினைவகத்திலும் அதுதானே, ஒரு பேங்க் மும்முரமாக இருந்தால் இன்னொன்று பதில் சொல்கிறது. நினைவகக் கட்டு, மின்தேக்கிக் கட்டு (கெபாசிட்டர் பேங்க்), கட்டு மாற்றல் (பேங்க் ஸ்விட்சிங்) எல்லாம் வாயில் வருகிறது.

நோட்டுக்கட்டு, சுள்ளிக்கட்டு, புண்ணுக்குப் போடும் கட்டு எல்லாம் குழப்பாதா என்று கேட்பீர்கள். பேங்குக்கு மட்டும் ஒரே பொருளா என்ன?

ஒரே இடைஞ்சல், நிரல் எழுதுகிறவர்கள் 0-இலிருந்து எண்ணுவார்கள். 'சுழியாம் கட்டு' என்றால் ஊரில் சிரிப்பார்கள். 'கட்டு 0' என்று எழுதிவிட்டு, அதை முகப்பு என்று நினைத்துக்கொள்கிறேன்.