தோட்டத்தில் வளர்ந்த விசித்திரப் பூனைகள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

கித்தாக்காட்டு மகள்

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். 2007இல் ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.

என் தம்பியின் பூனைக்குத் துரை என்று பெயர். ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்ட நிர்வாகியான துரையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அது ஆபீஸ் மேல்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கும். தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர்ப் புத்தகத்தை மூடியதும் இறங்கிப் போய்விடும்.

அறுபதுகளின் கடைசி. தம்பி தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஒருநாள் காலை நிஜத் துரையின் ஜீப் வந்து நின்றது. எஞ்சின் சூட்டுக்கு நம் துரை அதன் முன்பக்கம் ஏறிச் சுருண்டுகொண்டது. உள்ளே அவர் ஏதோ காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்திலிருந்து ஓடிவந்தான். கையில் தேங்காய்ச் சிரட்டை, அதில் முதல்நாள் குழம்பின் கெம்போங் மீன் தலை. களம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்: “துரை! கீழே இறங்கு! வண்டியில் ஏறாதே என்று எத்தனை தடவை சொல்வது? இறங்கினால்தான் மீன் தலை!”

ஆட்களை மேய்க்கும் தண்டல் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். ஜீப் கதவு திறந்தது. முழங்கால்வரை காலுறை போட்ட அந்த நெடிய மனிதர் இறங்கிவந்து, சிரட்டைக்குள் எட்டிப் பார்த்து, தெளிவான தமிழில், “ஒரு தலைதானா?” என்று கேட்டார்.

தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தான். “ஏன், நீங்கள் வீட்டில் சாப்பிடவில்லையா?”

பாசார் ரோட்டுக்காரன்

அக்கா, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தத் தமிழை நான் நம்பமாட்டேன். நான் பார்த்த வெள்ளைக்காரத் துரைமார் ‘வா’, ‘போ’, ‘சீக்கிரம்’ ஆகியவற்றைத் தாண்டியதில்லை. யாராவது பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதை வேறு. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தங்கை மகள் எங்கள் பூனையின் வாலைத் தடவிப் பார்த்துவிட்டு அலறினாள். வால் பாதியில் நின்று, நுனி கொக்கிபோல மடங்கியிருக்கும். எங்களுக்குப் பூனை என்றாலே அப்படித்தான். அவளோ யாரோ கதவில் நசுக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு விசாரணை வைத்தாள். ஐஸ்கிரீம் குச்சியை வாலோடு சேர்த்துத் துணியால் சுற்றி அதற்குக் கட்டும் போட்டாள். அடுத்த வாரம் பூனை குட்டி போட்டது. ஒவ்வொரு குட்டிக்கும் கொக்கி வால். கையில் ஒரு பிடி குச்சிகளோடு கூடையருகே வெகுநேரம் நின்றாள். பிறகு அந்தப் பையனிடம் போய், “நீ இவ்வளவு பேரையும் நசுக்கியிருக்க முடியாது, உன்னை விடுதலை செய்கிறேன்” என்றாள்.

செம்பனை அப்பா

என் மகன் கொண்டுவந்தது வீட்டுப் பூனையே இல்லை என்று எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை. வெட்டிப் போட்ட செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டைக் குவியலுக்கடியில் கிடந்தது என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். புள்ளி புள்ளியாக அழகாக இருந்தது. பால் வைத்தால் முகர்ந்து பார்ப்பதோடு சரி. தண்ணீரைக் கண்டால் மட்டும் அதற்கு உயிர் வந்துவிடும். குளியலறைத் தொட்டியில் குதித்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீந்தும். என் அம்மா பேரனோடு சண்டை போட்டது அதற்காக இல்லை. காலைக்கடனையும் அதே தொட்டியில் முடித்துவிடும்.

பள்ளியில் ‘என் செல்லப் பிராணி’ கட்டுரை. ‘என் பூனை தினமும் நீந்திக் குளிக்கும்’ என்று எழுதியிருந்தான். ஆசிரியை சிவப்பு மையில் அடித்து, ‘பூனை தண்ணீருக்கு அஞ்சும்’ என்று திருத்தியிருந்தார். மறுநாள் புத்தகப்பையில் புத்தகம் இல்லை. வகுப்பறையில் கரும்பலகை துடைக்க வைத்திருந்த வாளிக்குள் அதை இறக்கிவிட்டு, “டீச்சர், இப்போது திருத்துங்கள்” என்றானாம். நான் போய்ச் சேர்ந்தபோது ஆசிரியை நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். அது வாளி விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தது. மதிப்பெண் திரும்பக் கிடைத்தது. அன்று மாலையே காட்டில் விட்டுவிட்டோம்.

ஓய்வுபெற்ற கிராணி

முதலில் பாசார் ரோட்டுத் தம்பிக்கு. தெரியாததை இவ்வளவு உறுதியாகச் சொல்லவேண்டாம். துரைமார் தமிழ் படித்தார்கள். 1919இல் தொடங்கிய தோட்ட நிர்வாகிகளின் சங்கம் அவர்களுக்குத் தமிழில் தேர்வே நடத்தியது. களத்தில் தமிழர்கள் நிற்கும்போது வேறு எந்த மொழியில் வேலை வாங்குவது? அந்த அம்மா சொல்வதை அப்படியே நம்புகிறேன். உங்கள் வீட்டு வாலைப் பற்றியும் சொல்கிறேன். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளுக்குப் பாதி வால்தான், நுனியில் முடிச்சும் இருக்கும் என்று டார்வின் 1868லேயே எழுதியிருக்கிறார். பரம்பரையாக வருவது. கட்டுப் போடாதீர்கள்.

இனி செம்பனை அப்பாவுக்கு. அது சிறுத்தைப் பூனை. காதின் பின்புறம் வெள்ளைப் பொட்டு இருந்திருக்குமே? வளர்ந்தாலும் வீட்டுப் பூனை அளவுதான், கால் மட்டும் சற்று நீளம். தொட்டியில் காலைக்கடன் கழிப்பது அதன் வழக்கம்தான், அம்மாவிடம் சொல்லுங்கள். தாய் இரை தேடப் போகும்போது குட்டியை மறைவில் விட்டுச் செல்லும். குலை வெட்டுகிறவர்கள் அனாதை என்று நினைத்துத் தூக்கிவருகிறார்கள். தூக்கவே கூடாது. தூக்கியிருந்தால் அன்றே, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். ஆள் வாசம் பட்டால் தாய் ஏற்காது என்பார்கள், அதை நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள். மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். தாய் வராவிட்டால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பது குற்றம். இன்னொன்று: செம்பனைப் பழத்தை எலி எவ்வளவு தின்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆந்தை வந்து எலி பிடிக்கட்டும் என்று கம்பம் நட்டுப் பெட்டி வைக்கிறோம். இந்தப் பூனை பெட்டிகூடக் கேட்காமல் அதே வேலையைச் செய்கிறது. அதைப் போய்க் குளியல் தொட்டியில் வைப்பதா?

என் பேத்தியும் ஒன்று கொண்டுவந்தாள். திருப்பி வைக்கச் சொன்னேன், வைத்தாள்.

கோயில் தெரு

எங்கள் வெள்ளைப் பூனைக்கு இரண்டு கண்ணும் நீலம். மாரியம்மன் திருவிழாவில் உறுமி மேளம் முழங்கிக்கொண்டிருக்க, மேளக்காரர் காலடியில் நீட்டிப் படுத்துத் தூங்கியது. பட்டாசு வெடித்தும் அசையவில்லை. என் அண்ணன் மகன், ஆறு வயது, பூனை தியானத்தில் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி, அதன் நெற்றியில் விபூதியைக் குழைத்து மூன்று பட்டையும் போட்டுவிட்டான். வெளியூரிலிருந்து வந்த ஒரு பாட்டி முன்னால் பத்துக் காசு வைத்துக் கும்பிட்டார். பிறகு இன்னொருவர். பையன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, “சாமி பேசாது, நான் பேசுவேன்” என்று வருகிறவர்களுக்கு வாக்கும் சொல்ல ஆரம்பித்தான். பாட்டிக்கு மருமகள் திருந்திவிடுவாள் என்று சொன்னானாம். மருமகளும் அங்கேதான் நின்றிருந்தாள்.

வெள்ளை உடலும் நீலக் கண்ணுமாகப் பிறக்கும் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காது கேட்காது என்று பின்னர்தான் ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். பின்னாலிருந்து தொடாதீர்கள், தரையைத் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பும்.

இரண்டாம் டிவிஷன்

கிராணி ஐயா இருக்கிறீர்களா? இப்போதுதான் இதையெல்லாம் படித்தேன். மதியம் மகள் ஒரு குட்டியைத் தூக்கிவந்திருக்கிறாள். காதைத் திருப்பிப் பார்த்தேன், வெள்ளைப் பொட்டு இருக்கிறது. பொம்மைக் கட்டிலில் படுக்கவைத்து, மீனாட்சி என்று பெயர் சூட்டி, பாவாடையும் கட்டியிருக்கிறாள். என்ன செய்யட்டும்?

ஓய்வுபெற்ற கிராணி

பாவாடையை அவிழுங்கள். கையில் தடித்த துண்டைச் சுற்றிக்கொண்டு தூக்குங்கள், கடிக்கும். இருட்டுவதற்குள் எடுத்த மட்டைக் குவியலிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டாம் டிவிஷன்

கிளம்பிவிட்டோம். மகள் ஒரே ஒரு நிபந்தனைக்குச் சம்மதித்தாள்: அதன் அம்மா வந்தால், பெயர் மீனாட்சி என்று நான்தான் சொல்லவேண்டுமாம்.