அப்பச்சி எழுதாமல் விட்ட பக்கம்: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததா?

வளவுவீட்டு மகள்

அப்பச்சி தவறி நாற்பது நாள் ஆகிறது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கேதம் கேட்க வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். ஆத்தாவை என்னோடு கூட்டிப்போகலாம் என்று செட்டிநாட்டில் எங்கள் ஊரான கானாடுகாத்தானுக்கு வந்தேன். துணிமணியை எடுத்துவைக்கும்போது வரவு செலவு நோட்டு கையில் வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இருந்திருக்கும், விளக்க வேண்டியதில்லை. பால் 54, பூ 30 என்று ஒரு ரூபாய் விடாமல். நடுவில் ஓரிடத்தில் “பாப்பாவுக்கு மணகோலம், சீப்புச்சீடை, பஸ் பார்சல் 120”. பாப்பாவுக்கு வயது 51.

காலையில் எழுந்ததும் பிள்ளையார் சுழி போட்டுத் தேதி எழுதி வைத்துவிடுவார். கணக்கு ராத்திரிதான். கடைசிப் பக்கத்தில் சுழி இருக்கிறது, தேதி இருக்கிறது. அதன் கீழே ஒன்றுமில்லை. அன்று மத்தியானம் போய்விட்டார்.

பட்டாலையில், அதுதான் வீட்டு முன்கூடத்தில், அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு விளக்கு வைக்கிற நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கும் செலவு நடந்துதான் இருக்கிறது. ஆம்புலன்ஸ், மருந்து, அப்புறம் மாலை. யாரும் எழுதவில்லை. நான் எழுதலாமா? அப்படியே விட்டுவிடலாமா?

தேவகோட்டைக்காரன்

எழுதுங்கள் ஆச்சி. அவர் விட்ட இடத்தில் நீங்கள் தொடுவதில் தப்பே இல்லை.

எனக்கு நடந்தது பிள்ளையார் நோன்பு அன்று. அப்பச்சி தவறி வருஷம் திரும்பியபின் வந்த முதல் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள். கடைசியில் கோடி வேட்டியிலிருந்து, அதாவது புது வேட்டியிலிருந்து, எடுத்த 21 நூலைத் திரியாக்கி, மாவில் வைத்துப் பற்றவைத்து, சுடர் அணையுமுன் வாயில் போட்டுக்கொள்வோம். அதுதான் இழை. ஐயாவுக்கு, அதாவது அப்பச்சியின் அப்பாவுக்கு, பிறகு எங்கள் வீட்டில் இழை எடுத்துக் கொடுத்தது அப்பச்சிதான், 30 வருஷம். அன்று ஆத்தா தட்டை என் பக்கம் நகர்த்தி, “நீ கொடுப்பா” என்றார்கள்.

மாவில் திரியைப் பற்றவைத்து மகளிடம் நீட்டுகிறேன். பார்த்தால் என் இடது கை தானாகக் கீழே போய் ஏந்திக்கொண்டிருக்கிறது, சூடான நெய் பிள்ளை கையில் சொட்டாதபடிக்கு. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்பச்சி அப்படித்தான் பிடிப்பார். நோன்புக்கு மறுநாள் அவருடைய இடது உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி இருக்கும். சின்ன வயதில் அதைக் கொசுக்கடி என்று நினைத்திருந்தேன்.

“அப்பா, அணைஞ்சிரும், சீக்கிரம்” என்றாள் மகள். அழக்கூட நேரமில்லை.

கோட்டையூர் பெரியவர்

எழுதச் சொல்லாதீர்கள் தம்பி. ஒரு பக்கத்தில் இன்னொருவர் பேனா பட்டுவிட்டால் எது அவர் கை, எது நம் கை என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.

என் அப்பச்சியின் நாட்குறிப்புகள் உள்வீட்டு மரப்பெட்டியில் இருந்தன. இரண்டு மழைக்காலம் திறக்கவில்லை. மூன்றாவது வருஷம் தூக்கினால் அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே கரையான் மண். அவர் கையெழுத்து என்று இப்போது என்னிடம் இருப்பது ஒரு செக் புத்தகத்தின் அடிக்கட்டை.

அதனால் சொல்கிறேன், முதலில் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். எடுத்ததை இரண்டு பேர் வீட்டிலாவது வையுங்கள். லேமினேஷன் போடவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும், குண்டூசி துருப்பிடிக்கும், செல்லோடேப் மஞ்சளாகிப் பக்கத்தையே தின்றுவிடும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரையும் தரையையும் தொடாத இடத்தில் வையுங்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டில் வைக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பலசரக்குக் கணக்குதானே என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நோட்டீசும் அழைப்பிதழும்கூட விடாமல் சேர்த்தார். 1992-ல் மறைந்தார். அவர் சேர்த்ததை வைத்து 1994-ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமே உருவானது. அந்தப் பால் கணக்கு 50 வருஷம் கழித்து யாருக்கு என்ன சொல்லுமோ.

ஆத்தங்குடி

பெரியவர் சொல்வது சரி. ஆனால் செட்டிநாட்டில் காகிதமே இல்லாத வீடுகளும் உண்டு. எங்கப்பா கையெழுத்துப் போடுவதோடு சரி. துணியில் சுற்றிப் பத்திரப்படுத்த எங்களிடம் எதுவும் இல்லை.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. கண்ணாடிமேல் கலர் ஊற்றி, உலர்ந்த சிமெண்டு மணல் தூவி, அதன்மேல் கலவை போட்டு, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். சூளை கிடையாது. மற்றவர்கள் அச்சு வைத்துப் பூப் போடுவார்கள். எங்கப்பா சில கல்லுக்கு அச்சில்லாமல் கரண்டியாலேயே கொடி இழுப்பார். இடதுகைக்காரர். கொடியின் வால் மற்றவர்களுக்கு ஒரு பக்கம் சுழித்தால் அவருக்கு எதிர்ப்பக்கம் சுழிக்கும். கண்ணாடியிலிருந்து எடுக்கும்போது அதுவும் திரும்பி விழும்.

போன தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டுக்கு சீரியல் லைட் கட்டப் போனேன். ஒயரை ஓரமாக இழுத்துக்கொண்டு போகும்போது தூண் பக்கத்தில் அந்த வால். நாலு கல். அப்பா போய் ஆறு வருஷம். எண்ணெய் தேய்த்துத் துடைத்துப் புதிதுபோல வைத்திருந்தார்கள். மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கைவைத்தால் ஜில்லென்று இருந்தது. அந்த வீட்டு ஆச்சி வந்து, “என்னப்பா, எதையும் தொலைச்சிட்டியா?” என்று கேட்டார்கள்.

“ஸ்க்ரூ விழுந்துருச்சு ஆச்சி” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அவர்களும் கூடவே குனிந்து ஸ்க்ரூவைத் தேடினார்கள். இது எங்கப்பா போட்ட கல் என்று ஏன் என் வாயில் வரவில்லை? இன்னும் அதுதான் உறுத்துகிறது.

வளவுவீட்டு மகள்

பெரியவர் சொன்னபடி இன்று 212 பக்கமும் படம் எடுத்து முடித்தேன். கடைசிப் பக்கத்தைத் தொடவில்லை. அன்றைய செலவை ஆத்தாவிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி நோட்டோடு வைத்திருக்கிறேன். மேலே சுழி போட்டுத்தான் ஆரம்பித்தேன்.

ஆத்தங்குடித் தம்பி, எந்தத் தெரு என்று சொல்ல முடியுமா? அந்த வீட்டுக்கு நானே உங்களைக் கூட்டிப்போகிறேன். எங்கள் பட்டாலையிலும் உங்கள் ஊர்க் கல்தான், நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பச்சி பக்கத்தில் நின்று பதித்தது. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூலையில் இரண்டு கல்லில் வால் மாறித் திரும்பியிருக்கிறது. படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.