நாவலின் முதல் வரியில் ஏமாந்த அனுபவம் உண்டா?

எனக்கு உண்டு. 1967-இல் வந்த மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்'. பல வருடங்கள் கழித்துச் சுட்டுக்கொல்ல நிறுத்தப்படும் கர்னல், அப்பா தன்னைப் பனிக்கட்டி காட்டக் கூட்டிப்போன பிற்பகலை நினைத்துக்கொள்வார் என்று கதை தொடங்கும். (கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் அடுத்த பதிவுக்குத் தாவிவிடுங்கள்.) சரி, ஆளை முதல் வரியிலேயே முடித்துவிட்டார் என்று, சாவுக்காகக் காத்திருந்தே படித்தேன். கடைசியில் துப்பாக்கிகளை நீட்டும் நேரத்தில் அண்ணன் வந்து நிற்கிறான், கர்னல் பிழைத்துக்கொள்கிறார்! கடுப்போடு முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். செத்தார் என்று அதில் எங்குமே இல்லை. நிறுத்தப்பட்டார், அவ்வளவுதான். மீதியை நானாகவே சேர்த்துப் படித்திருக்கிறேன்.

அந்தப் பனிக்கட்டியும் முதல் அத்தியாயத்தின் முடிவில்தான் வருகிறது. பையன் தொட்டுப் பார்த்துவிட்டு, கொதிக்கிறது என்று கையை இழுத்துக்கொள்கிறான்.

---

நான் ஏமாறவில்லை, கோபப்பட்டேன். காம்யுவின் 'அந்நியன்', 1942. இன்று அம்மா இறந்துவிட்டாள், ஒருவேளை நேற்றோ என்னவோ, தெரியவில்லை என்கிறான் கதை சொல்பவன். பெற்றவள் செத்த நாள் தெரியாதவனோடு நமக்கு என்ன பேச்சு என்று மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள், நெருங்கிய உறவினர் இறந்த செய்தி போனில் வந்தது. 'காலமானார். நாளை இறுதிச் சடங்கு.' இரண்டே வரி. திரும்பத் திரும்பப் பார்த்தும் எப்போது என்று இல்லை. இன்றா, நேற்று ராத்திரியா? அழுகை வரவில்லை, அந்தக் கேள்விதான் வந்தது. புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அவனுக்கும் அதே மாதிரி ஒரு தந்தி: அம்மா மரணம், நாளை அடக்கம். தந்தியை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை என்று அவனே அடுத்த வரிகளில் சொல்கிறான். அதுவரை போகும் பொறுமை அன்று எனக்கு இல்லை. இன்றும் அவனைப் பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

---

'மோபி டிக்'. 'என்னை இஸ்மவேல் என்று கூப்பிடுங்கள்' என்ற வரியைத் தேடித் திறந்தால், திமிங்கலம் என்ற சொல்லின் வேர் பற்றி ஆராய்ச்சி, அப்புறம் பக்கம் பக்கமாகத் திமிங்கல மேற்கோள்கள். தப்பான புத்தகத்தை வாங்கிவிட்டேனோ என்று அட்டையைப் பார்த்தேன்.

---

என் கதை இன்னும் மோசம். ஆர்வெலின் '1984' ஏப்ரல் மாதக் குளிரில், கடிகாரங்கள் பதின்மூன்று அடிப்பதில் தொடங்கும். எனக்கு வேலையில் நாள் முழுக்க 24 மணிக் கணக்குதான். 13 என்றால் மதியம் ஒன்று, இதில் என்ன இருக்கிறது என்று போய்விட்டேன். அந்த வரியை எல்லோரும் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று நண்பரிடம் கேட்டபோது, "மணியைப் படிக்காதே, அடிப்பதை எண்ணு" என்றார்.

வாய்விட்டு எண்ணினேன். பன்னிரண்டு வரை ஒன்றும் தோன்றவில்லை.