அப்பாவுக்கு இரைப்பையில் பசை ஊசி போட்டிருக்கிறார்கள், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம். கல்லீரல் சுருக்க நோய் உள்ள அப்பா, போன செவ்வாய் இரவு சாப்பிட்டு எழுந்ததும் ரத்தமாக வாந்தி எடுத்தார். அவ்வளவு ரத்தத்தை நான் பார்த்ததே இல்லை.

கல்லீரல் இறுகிவிட்டதால் ரத்தம் வேறு வழி தேடி, உணவுக்குழாய், இரைப்பை ரத்தக்குழாய்களைப் புடைக்க வைத்திருக்கிறதாம். உணவுக்குழாயில் ரப்பர் வளையம் போட்டார்கள். இரைப்பையில் இருந்த புடைப்பு பெரியது. அதனால் எண்டோஸ்கோப்பி வழியாக சயனோஅக்ரிலேட் என்ற பசையை ஊசியில் ஏற்றினார்கள். ரத்தத்தில் பட்டதுமே அது கெட்டியாகி அடைத்துவிடுமாம். கசிவு நின்றது, கடவுளுக்கு நன்றி.

இப்போது வீட்டில் இருக்கிறார். அந்த ரத்தக்குழாய்களில் அழுத்தத்தைக் குறைக்க புரோப்ரானோலோல் மாத்திரை சாப்பிடுகிறார். மலம் கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், உடனே வரச் சொன்னார்கள். பசை உதிரும்போது மறுபடி கசியலாம் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இதைச் செய்தார்களா? எத்தனை முறை ஊசி போட வேண்டியிருந்தது? அப்புறம், உப்பில்லாத சாப்பாட்டை அப்பா தொடவே மாட்டேன் என்கிறார். எப்படிச் சமைத்தீர்கள், அக்கா, அண்ணன்மார்களே? தயவுசெய்து எழுதுங்கள்.