ஐந்து மாத ஆண்குட்டி கயிற்றில் நடக்க மறுக்கிறது, இழுத்தால் முன்னங்காலைத் தூக்குகிறது

பண்ணைவீடு கேட்டது:
வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்ளும் சின்னக் குதிரைப் பண்ணை எங்களுடையது. ஐந்து மாத ஆண்குட்டி ஒன்றைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. தாய் முன்னால் போனபோது கயிற்றில் ஒழுங்காக வந்தது. இப்போது தனியாகப் பிடித்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. இழுத்தால் பின்னால் சாய்ந்து முன்னங்கால்களைத் தூக்குகிறது. சட்டைக் கையைக் கவ்வவும் தொடங்கிவிட்டது. தினமும் வட்டமாக ஓடவிட்டுக் களைக்கவைத்தால் அடங்கும் என்கிறார்கள், செய்யலாமா? லாய வேலைக்கு நடுவில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாது.

லாயக்கதவு:
முன்னால் நின்று இழுப்பதை இன்றே விடுங்கள். ஹால்டர் (தலையில் மாட்டும் கடிவாளமில்லாத வார்ப்பட்டை) காதுக்குப் பின்னால் அழுத்தியதும் எதிர்த்துப் பின்வாங்குவது பழக்காத எந்தக் குட்டிக்கும் இயல்பு. அப்படி எழும்பும்போது மல்லாக்க விழுந்து தலையின் பின்புறம் தரையில் மோதினால், மண்டையோட்டின் அடி எலும்பு உடைந்து குட்டி செத்தே போகலாம். முன்னங்கால் தரையை விட்டுக் கிளம்பினால் உடனே கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பக்கவாட்டில் விலகுங்கள்.

அதன் இடது தோள் அருகே நில்லுங்கள். 3 மீட்டர் பருத்திக் கயிறு போதும். மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றாமல் மடித்துப் பிடியுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தலையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புகிற மாதிரி கயிற்றை மெல்ல இறுக்கி, அப்படியே வைத்திருங்கள். வெட்டி இழுக்கக் கூடாது. தலை திரும்பியதும் எடை ஒரு பக்கம் சாய்வதால் கால் எடுத்துவைத்தே ஆக வேண்டும். ஒரு குளம்பு நகர்ந்த அந்த நொடியே கயிறு தொய்ய வேண்டும். குட்டி கற்பது அந்தத் தளர்வில்தான். தாமதித்தால், கயிறு தளர்ந்தபோது என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே பாடமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் அலுத்துப்போய் விட்டது அது எழும்பி நின்ற நேரமாக இருந்தால், எழும்பக் கற்றுக்கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

இதற்கும் அசையாவிட்டால் பின்கயிறு போடுங்கள். தடித்த மென்கயிற்றைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டருகே ஒரே கையில் பிடியுங்கள். கயிறு வாலடிக்குக் கீழே, பின்முழங்காலுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். வாலுக்கடியில் ஏறினால் துள்ளும், கீழே நழுவினால் உதைக்கும். ஹால்டர் கயிறு தொய்வாக இருக்கட்டும். முதலில் பின்கயிற்றால் ஒரு தட்டல், காலெடுத்ததும் விட்டுவிடுங்கள்.

பத்து நிமிடம் தாராளம். லாயத்திலிருந்து மேய்ச்சலுக்கு எப்படியும் கூட்டிப்போகிறீர்கள் அல்லவா, அந்த வழியிலேயே பத்தடி நடத்தி நிறுத்துங்கள், கதவருகே நிறுத்துங்கள், நாலு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்குங்கள். முதல் சில நாள் சாதுவான பெரிய குதிரை ஒன்று முன்னால் நடந்தால் பாதி வேலை முடிந்தது.

வளர்எலும்பு:
வட்ட ஓட்டம் வேண்டவே வேண்டாம். சின்ன வட்டத்தில் ஓடும்போது கால்கள் பக்கவாட்டில் முறுக்கப்படுகின்றன, எலும்பின் வளர்தட்டுகளும் (எலும்பு நீளமாக வளரும் மென்மையான பகுதிகள்) மூட்டுகளும் அதைத் தாங்கும் வயதில்லை. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்தட்டு மூடவே சுமார் இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பு முதிர ஐந்து வயதுக்கு மேல். தவிர, தினமும் ஓடவைத்தால் குட்டிக்கு உடல்வலுதான் கூடும். நாளாக ஆகக் களைக்கவைக்க இன்னும் அதிக நேரம் ஓட்ட வேண்டிவரும்.

மற்றக் குட்டிகளோடும் கண்டிப்பான ஒரு பெரிய குதிரையோடும் நாள் முழுக்க வெளியில் விடுங்கள். எலும்பு உறுதிப்பட அந்தத் தானாக ஓடும் ஓட்டம் தேவை. கவ்வுகிற வழக்கத்தையும் கூட்டமே பெருமளவு திருத்தும். ஒரு வயதை எட்டுமுன் இவனைப் பெண்குட்டிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள், அதற்குப் பிறகு சினை பிடிக்கும் ஆபத்து உண்டு.

பண்ணைவீடு:
நன்றி. பிடிக்கச் சுலபம் என்று ஹால்டரை இரவும் பகலும் மாட்டியே விட்டிருக்கிறோம். தானியத்தையும் கையிலேயே ஊட்டுகிறோம். இரண்டுமே தவறா?

குளம்புத்தடம்:
ஹால்டரோடு வெளியே விடாதீர்கள். குட்டி பின்னங்காலால் காதைச் சொறியும்போது குளம்பு பட்டையில் மாட்டிக் கழுத்தோ காலோ முறியலாம். மாட்டும்போது மூக்குப்பட்டை கன்ன எலும்பின் முனைக்கு இரண்டு விரல் கீழே, உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவு இருக்கட்டும். இன்னும் கீழே இறங்கினால் மெல்லிய மூக்கெலும்பை அழுத்தும், மூச்சும் தடைப்படும். இந்த வயதில் தலை வேகமாக வளர்வதால் அளவை அடிக்கடி பார்த்துத் துளை மாற்ற வேண்டியிருக்கும்.

கையில் ஊட்டுவதை நிறுத்தித் தொட்டியில் போடுங்கள். கவ்வ வந்தால் மூக்கில் அடிக்காதீர்கள். அடித்தால் கடித்துவிட்டுத் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் விளையாட்டாகிவிடும், சில குட்டிகள் தலையைத் தொட்டாலே மிரளும். கவ்வ வந்த உடனே கயிற்றை அசைத்து இரண்டடி பின்னுக்கு நகர்த்துங்கள், பிறகு வேலையைத் தொடருங்கள்.

பால் நின்றதை ஈடுகட்டத் தானியத்தை அள்ளிப் போடவும் வேண்டாம். வளர்ச்சி அவசரப்பட்டால் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் மூட்டு வீங்கும். நல்ல உலர்புல்தான் அடிப்படை. தானியத்தைப் பிரித்துக் கொடுங்கள். மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். தவிடு கூடினால் பாஸ்பரஸ் ஏறி இந்தக் கணக்கு தலைகீழாகும்.

இன்னொன்று: கால் ஊன்றி நிற்பது எப்போதும் பிடிவாதம் இல்லை. கட்டாந்தரையில் குட்டையாக அடியெடுத்து வைக்கிறதா, கணுக்கால் மூட்டில் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.